கன்னத்து மை

ஆறு வயசுப் பிள்ளை முகத்தில் இப்படியா மையை அப்புவார்கள்? மகிழினியின் கன்னத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்கு இருந்த திருஷ்டிப் பொட்டைப் பார்த்ததும் போட்டோகிராபர் பிரிட்டோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செந்தமிழின் இடுப்பில் இருந்த சின்னவன் துருவன் முகமோ துடைத்துவிட்ட மாதிரி பளிச்சென்று இருந்தது.

பிரிட்டோவுக்கா புரியாது? மரக்காணத்தில் மகிழினியின் அப்பா பலராமனுடைய ரெண்டு கல்யாணத்துக்கும் படம் எடுத்தவனே அவன்தான். மகிழினி மூத்தவள் பெற்றது, அம்மாவை உரித்து வைத்த கறுப்பு. அந்த மகராசி காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு வந்தவள் செந்தமிழ். துருவன் இவள் பெற்றது, நல்ல சிவப்பு.

ஹாலில் மாட்டப்போகிற முதல் குடும்பப் படம். அதில் தன் பிள்ளை மட்டும் அழகாகத் தெரியணும், அவ்வளவுதானே? சித்தின்னா சித்திதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

படம் எடுக்க வந்திருந்த உப்பளத்தில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பொட்டாவது மறையட்டும் என்று மகிழினியை அப்பாவுக்குப் பின்னால் தள்ளி நிற்க வைத்தான். உப்புக் குவியலின் வெள்ளைக்கு முன்னால் சின்னவன் ஜோராக விழுந்தான். கிளிக், கிளிக் என்று எடுத்துத் தள்ளினான்.

செந்தமிழ் விடவில்லை. மகிழினியை முன்னால் இழுத்து, பொட்டு தெரிகிற மாதிரி முகத்தைத் திருப்பி நிறுத்தினாள். பிரிட்டோவுக்குப் பொறுமை போய்விட்டது. ஈர டிஷ்யூவை எடுத்து, தானே பொட்டைத் துடைத்துவிட்டான்.

"உனக்கு எதுக்கும்மா திஷ்டிப் பொட்டெல்லாம்?"

பிள்ளையின் முகம் சுண்டிப்போனது. தலையைக் குனிந்துகொண்டாள்.

செந்தமிழ் சண்டைக்கு வரவில்லை. பையிலிருந்து மை டப்பாவை எடுத்து, முன்னைவிடப் பெரிசாக வைத்துவிட்டாள். மகிழினி நிமிர்ந்தாள். பல்லு விழுந்த வாயைத் திறந்து சிரிக்கவும் சிரித்தாள்.

பலராமன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரப்போரம் பாத்தித் தண்ணீரை வேடிக்கை காட்டப் போன நேரம் பார்த்து, பிரிட்டோ கேட்டே விட்டான். பையனுக்கு இல்லாத பொட்டு இவளுக்கு மட்டும் ஏன் என்று.

செந்தமிழ் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவனுக்கு உள்ளங்கால்ல வெச்சிருக்கேங்கண்ணா. இவளுக்கும் அப்படித்தான் கண்ணுக்குத் தெரியாம வெச்சிட்டிருந்தேன். ஒரு கல்யாணத்துல இவ காலை நீட்டி உக்காந்தப்ப சொந்தக்காரம்மா அதைப் பாத்துட்டு, கறுப்பா இருக்குறதுக்கு எதுக்குடி திஷ்டிப் பொட்டு, யாரு கண்ணு வைக்கப் போறான்னு சிரிச்சிட்டாங்க. வீட்டுக்கு வந்து சோப்பு போட்டு மூஞ்சியத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுறாண்ணா இவ. பெத்த வயிறா இருந்தாத்தான் எரியுமா? அழகா இருக்குற பிள்ளைக்குத்தாண்டி பொட்டு வைப்பாங்கன்னு சொல்லி, அன்னையிலேர்ந்து கன்னத்துலயே வைக்கிறேன். நீங்களும் இப்ப அதையேதான் கேட்டுட்டீங்க."

பிரிட்டோ கேமராவில் அதுவரை எடுத்ததைப் புரட்டினான். எல்லாப் படத்திலும் துருவன் ஜொலித்தான். மகிழினி அப்பாவின் முதுகுக்குப் பின்னால் பாதி முகமாக நின்றாள். அங்கே நிற்க வைத்தது அவன்தான்.

அத்தனையையும் அழித்தான்.

மகிழினி திரும்பி வந்ததும் கையைப் பிடித்து நடுவில் நிறுத்தினான். வெளிச்சத்தை அவள் முகத்துக்குச் சரிபண்ணிக்கொண்டு, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சத்தமாகச் சொன்னான்:

"அந்தக் கன்னத்துலயும் ஒண்ணு வைம்மா. என் கண்ணே பட்டுடும் போலிருக்குது."