மொம்பாசாவில் இரண்டு நாள்

டிராவல்ஸ்காரன் பாலகணேஷ் கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தான். ஆப்பிரிக்காவில், மொம்பாசா துறைமுகத்தில் இருக்கும் ஜீப் டிரைவருக்கு மணி போய்க்கொண்டிருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த ரோச், அவன் எடுக்காமல் இருக்கவேண்டுமே என்று வேண்டிக்கொண்டிருந்தார்.

சரக்குக் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் அவருடைய சிங்கக் கதையைக் கேட்காத காது கிடையாது. கப்பல் மொம்பாசாவில் நிற்கும்போதெல்லாம் இறங்கிக் காட்டுக்குப் போய்விடுவாராம். ஜீப் பானட்டில் ஒரு சிங்கம் ஏறிப் படுத்துக்கொண்டு அவரையே பார்த்ததாம். ஒவ்வொரு லீவுக்கும் அந்தச் சிங்கம் ஒரு முழம் வளர்ந்து வந்தது.

இப்போது மனைவி ஜெபசுதா, நானும் அதைப் பார்த்தே ஆகவேண்டும் என்று டிராவல்ஸ் ஆபீசில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

அவரும் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். முட்டி வலி என்றார். தைலம் வாங்கி வைத்தாள். மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போடாமல் அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள் என்றார். மறுநாளே போட்டுக்கொண்டு வந்து கையைத் தூக்கிக் காட்டினாள். கருவாடு கொண்டுபோனால் சிங்கம் மோப்பம் பிடித்துவிடும் என்று கடைசி அஸ்திரத்தை விட்டார். ஒரு வாரம் கருவாடு தின்னாவிட்டால் செத்தா போய்விடுவோம் என்று அவள் கேட்டதில், அவர்தான் பாதி செத்துப்போனார்.

ஒன்று மட்டும் அவருக்கு விளங்கவில்லை. சிங்கத்துக்கு ஒரு நாள் போதும், மொம்பாசா ஊருக்குள் இரண்டு நாள் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். உங்களுக்குப் பழக்கமானவர்கள் இருப்பார்களே என்று மக்ரூன் இனிப்பு வேறு வாங்கி வைத்திருந்தாள்.

டிரைவர் எடுத்துவிட்டான். வழக்கமாகப் போகும் இடங்களை அண்ணாச்சியே சொல்லட்டும் என்று பாலகணேஷ் கைபேசியை அவர் பக்கம் தள்ளினான்.

ஹலோ, ஹலோ என்றது கைபேசி.

ரோச் அதை அணைத்தார். மானம் போனால் போகட்டும்.

“மாதா மேல சத்தியமாச் சொல்லுதேன் சுதா, நான் அங்கன கப்பல விட்டு எறங்குனதே இல்ல.”

ஆகஸ்டில் மாதா கோயில் திருவிழாவுக்கு ஊர் வந்து சேர கப்பலில் எல்லாருக்கும்தான் ஆசை. அதனால் அந்த லீவை இவருக்கு விட்டுக்கொடுக்கிறவர்களுக்குப் பதிலாக, வெளித் துறைமுகங்களில் அவர்களுடைய காவல் முறையை இவர் பார்ப்பதாகப் பேச்சு. அவர்கள் ஊர் சுற்றப் போவார்கள். இவர் கப்பல் ஏணியருகே நிற்பார். சிங்கத்தைப் பார்த்தவன் சமையல்காரன் ஷாம். எல்லாவற்றையும் மேசையைப் பார்த்தே சொல்லி முடித்தார்.

இனி ஊரே சிரிக்கும் என்று நினைத்தபடி நிமிர்ந்தார்.

ஜெபசுதா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, எத்தனையோ வருடம் கழித்து, வாய்விட்டுச் சிரித்தாள்.

“டிக்கெட்டப் போடுங்க தம்பி, ஊருக்குள்ள ரெண்டு நாளு வேண்டாம். அங்கன இவருக்கு ஒரு குடும்பம் இருக்குன்னுல்லா இத்தன வருசமா நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். பாவம், மனுசன் சிங்கத்தையே பாத்ததில்ல.”