இடக்கை நாடி

சுலைஹாவின் இதயம் பல வருடங்களாகவே தாறுமாறாகத்தான் அடித்தது. சுபஹ் தொழுத கையோடு அவளுடைய இடக்கையைப் பிடித்து நாடி பார்ப்பது கணவர் மீராலெவ்வையின் வேலை. அவர் மௌத்தாகி, அவருக்காக அவள் வெளியே போகாமல் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்தபோது மகள் பஸ்மியா பார்த்தாள். வலக்கை நாடி வழக்கம்போல் தடுக்கித் தடுக்கி ஓடியது. இடக்கையில் ஒரே சீராக அடித்தது.

"உம்மா, ரெண்டு கையும் ரெண்டு மாதிரி அடிக்கிது."

"ஓம். குளிசையத் தா மகள்."

தினமும் அப்படியே இருந்தது.

இத்தா முடிந்த மறுநாள் பஸ்மியா இடக்கையை வெகுநேரம் அழுத்தித் தேடினாள்.

"உம்மா, இந்தக் கையில ஒண்டுமே இல்ல."

"நேத்தோட இத்தா முடிஞ்சிதானே," என்ற சுலைஹா, வலக்கையை நீட்டிக் குளிசையை வாங்கி விழுங்கினாள்.