ஜெசிந்தா ஒட்டடை அடிக்கப் போனபோது

பரீட்சை வாரம் தொடங்கியதும் ஜெசிந்தாவுக்குத் தன் அறையில் இருந்ததெல்லாம் புதிதாகத் தெரிந்தது. படிக்க உட்காருவாள், உடனே எழுந்துவிடுவாள். கட்டிலுக்கடியில் தொலைந்த கொலுசைக் கண்டுபிடித்தாள். எறும்புகள் எதிரெதிரே வந்தால் முட்டிக்கொண்டுதான் போகின்றன என்று கண்டுபிடித்து, அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். வேதியியல் பரீட்சைக்கு முந்தின நாள் காலை, சுவரில் மாட்டியிருந்த படத்துக்குப் பின்னால் ஒட்டடை இருப்பதைக் கண்டுபிடித்து, ஒட்டடைக்குச்சியை எடுத்துவரப் போனாள்.

அந்தப் படத்துக்குப் பின்னால்தான் பல்லி முட்டையிட்டிருந்தது. அது பதறிப்போய் அலமாரிக்கு ஓடியது.

"வேதியியல் அண்ணே, என் முட்டை ரெண்டையும் நீங்கதான் காப்பாத்தணும்!"

"நான் என்னம்மா செய்ய முடியும்? என்னை அவ திரும்பிக்கூடப் பார்க்கிறதில்லையே" என்றது புத்தகம்.

"கீழே விழுங்க அண்ணே. எடுத்துப் படிக்க உட்கார்ந்துடுவா."

"இவ்வளவு உயரத்துல இருந்தா?" என்று முனகினாலும், பல்லியின் முகத்தைப் பார்த்ததும் மனசு கேட்காமல் புத்தகம் குதித்துவிட்டது.

தொப்பென்ற சத்தம் கேட்டு ஓடிவந்த ஜெசிந்தா, குச்சியைப் போட்டுவிட்டுப் புத்தகத்தை எடுத்தாள். சாயங்காலம் வரை மேஜையை விட்டு நகரவில்லை.

அவள் காபி குடிக்கப் போனதும் பல்லி இறங்கி வந்தது.

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும் அண்ணே! எத்தனை பாடம் முடிச்சா?"

"பாடமா? விழுந்ததுல என் அட்டை கழன்றதைக் கண்டுபிடிச்சா. பசை தடவினா, புது அட்டை போட்டா, லேபிள் ஒட்டி ஓரத்துல பூவும் வரைஞ்சா. பசை காயணுமாம், நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் என்னைத் திறக்கக் கூடாதாம்."

"பரீட்சை?"

"காலையில."