தூசிதான் சாட்சி

“துணியக் கீழ போடுங்க அண்ணி. தொடைச்சீங்கன்னா நான் மனுசியா இருக்க மாட்டேன்.”

ஏணியில் பாதி ஏறியிருந்த திலகவதி அப்படியே நின்றாள். தோளில் ஈரத்துணி. வீட்டுக்குள் தூளியில் கிடந்த கைக்குழந்தை அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தது.

“புள்ள ஒடம்பு பூரா வேர்க்குரு வினோதா. ஃபேன் நின்னு ஒரு மாசமாவுது. நம்ம ஊட்டுத மட்டும் தொடைச்சிக்கிறேனே.”

“ஒண்ணு பளபளன்னு இருந்தா மீதி எல்லாத்தையும் பொய்யின்னுடுவானுங்க. எறங்குங்க.”

திலகவதி இறங்கினாள். நாத்தனாரை முறைக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் மில் ஒன்றின் பின்மதிலை ஒட்டிய புறம்போக்குத் தெரு அது. பட்டா இல்லை, அதனால் கரண்டும் இல்லை. மில்லுக்குப் போகும் மின்கம்பிகள் கூரைகளுக்கு மேலேதான் ஓடின. கீழே மெழுகுவத்தி. தெரு சனம் ஒருமுறை ரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்தபோது, வாயை அடைக்க வீட்டுக்கு ஒரு சோலார் பேனல் கொடுத்தது மில். இரண்டு பல்பு, ஒரு குட்டி ஃபேன்.

வெயிலுக்கா பஞ்சம்? அது பாட்டுக்குக் காய்ந்தது. ஆனால் மில்லின் புகைபோக்கி ராத்திரியெல்லாம் துப்பிய கரித்தூள், விடிவதற்குள் பேனலைப் போர்வை போல மூடிவிடும். பெண்கள் உலை வைப்பதற்கு முன் கூரையேறித் துடைத்தால்தான் சாயங்காலம் விளக்கு எரியும்.

வினோதா பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. தெருவின் முதல் டிகிரி. அந்தத் தூளில் என்னென்ன இருக்கிறது என்று பெயர் சொல்லத் தெரியும். பெயரைச் சொல்லிவிட்டால் யாருக்கும் இருமல் நின்றுவிடுவதில்லை. மாசுக்கட்டுப்பாட்டு அதிகாரியிடம் போட்டோக்களோடு போய் நின்றபோது அவர் சிரித்தார்.

“தூசி தூசின்னு சொல்றியே, எங்கம்மா தூசி? போட்டோவுல பேனல் எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கே?”

பஸ்ஸில் திரும்பும்போதுதான் அவளுக்கு உறைத்தது. மில் செய்கிற அக்கிரமத்தைத் தினமும் காலையில் தண்ணீர் ஊற்றிக் கழுவி மறைப்பது அவர்களேதான். அன்றைக்கே தெருவைக் கூட்டிச் சொன்னாள்: அதிகாரி நேரில் வந்து பார்க்கிறவரை ஒருத்தரும் பேனலைத் தொடக்கூடாது.

தெரு இருட்டில் கிடந்தது.

“எம்மா படிச்ச புள்ள,” எதிர்வீட்டு மாரியப்பன் பீடியை இழுத்தபடி கேட்டார், “உன் ஆபீசரு எப்ப வருவாரு? எங்கூட்டுக் கொசுவுக்கே வழி தெரியாம ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கினு கீது.”

“வருவாங்க மாமா.”

“வரசொல்ல ஒரு டார்ச் எடுத்துக்கினு வரச் சொல்லு.”

இரண்டு பேர் சிரித்தார்கள். வினோதா சிரிக்கவில்லை. தன் பேச்சை நம்பி அத்தனை குடும்பமும் வேகிறது என்பது அவளுக்குத் தெரியும். குழந்தை அழும்போதெல்லாம் விசிறி மட்டையை எடுத்துக்கொண்டு தூளிப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்வாள். அண்ணியும் அவளும் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

திலகவதி ஏணியேறி இறங்கிய மறுநாள் காலை, தெருமுனையில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. கண்ணாடி போட்ட ஒருவர் இறங்கினார். அன்று சிரித்தவர் இல்லை; அவருக்கு மேலே இருப்பவராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள் வினோதா.

“இங்க சோலார் பேனல் எல்லாம் பாக்கணும்.”

அவள் ஏணியை எடுத்துக்கொண்டு ஓடினாள். “வாங்க சார். உங்களுக்காகத்தான் சார் வச்சிருக்கோம்.”

அவர் வேறு ஆளை ஏற்றவில்லை. தானே ஏணியில் ஏறினார். பேனலில் விரலால் ஒரு கோடு இழுத்து, கருத்துப்போன விரலை வெகுநேரம் பார்த்தார். போனை எடுத்துப் படம் பிடித்தார்.

“எவ்ளோ நாளா தொடைக்கல?”

“ஒரு மாசம் சார்.”

“ஒரு வீட்ல கூடவா?”

“ஒருத்தரையும் தொட உடல சார். ஒவ்வொரு ஊடா ஏறிப் பாருங்க. நான்தான் தொடைக்கக் கூடாதுன்னு சொன்னேன். தகராறே பண்ணேன்.”

“நீங்கதான் சொன்னீங்க,” என்றார் அவர், சரிபார்த்துக்கொள்வது போல.

“ஆமா சார். நான்தான்.”

வீடு வீடாக ஏறினார். கூரை கூரையாகப் படம் எடுத்தார். இப்படி ஒரு அதிகாரியைத் தெரு பார்த்ததில்லை. மாரியப்பன் பீடியை அணைத்துவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டார். திலகவதி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் மறுக்காமல் வாங்கிக் குடித்தார்.

“சார், இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?” வினோதா கேட்டாள்.

“வேணாம்மா. இதுவே போதும்.”

வினோதா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு மாதத்தில் முதல் தடவை. “இன்னிக்கே தொடைச்சிடலாம் அண்ணி. புள்ளைக்கு ஃபேன் போட்டுடலாம்.” திலகவதி முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

அவர் போனில் யாரையோ கூப்பிட்டார். சற்று நேரத்தில் ஒரு மினி லாரி பின்பக்கமாகவே தெருவுக்குள் நுழைந்தது. ஸ்பேனரும் கையுமாக நாலு பேர் குதித்தார்கள்.

“இன்னா சார் இது? நீங்க மாசுக்கட்டுப்பாட்டு ஆபீசுதானே?”

“அப்படின்னு நான் சொல்லவே இல்லையேம்மா. இந்தப் பேனலக் குடுத்த மில்லுலேர்ந்து வரேன். சரியா பராமரிக்காத வீட்லேர்ந்து திருப்பி எடுத்துக்குவோம்னு அன்னைக்கே சொல்லித்தான் குடுத்தோம்.” அவர் லாரிப் பக்கம் திரும்பினார். “எல்லாத்தையும் கழட்டுங்கப்பா. நல்லா தொடைச்சிட்டு ஏத்துங்க, வண்டி கரியாயிடப் போவுது.”