உங்களுக்காக ஒருவர்

"இதை நிறுத்தவே முடியாதாண்ணே?"

மன்சூர் அலி பிரிண்டருக்குத் தாள் வைத்துக்கொண்டிருந்தார். காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவருடைய பிரவுசிங் சென்டர். ஐஸ் கம்பெனி ஆபீசில் வேலை பார்க்கும் சந்திரா, கம்பெனிக்கு வந்த மெயில்களை எடுத்துப்போக சாயங்காலம் தவறாமல் வருவாள்.

"எதை தங்கச்சி?"

"என் சொந்த மெயிலுக்கு இது தினமும் வருது. கல்யாணத் தகவல் கம்பெனியாம். நான் எதுலயும் பதியவே இல்ல."

மன்சூர் அலி எட்டிப் பார்த்தார். லண்டன் லாட்டரியில் கோடி ரூபாய் விழுந்த சேதி, முடி வளரும் தைலம், இல்லாத வீட்டுக்குக் கடன். நடுவில் அது. 'சந்திரா, உங்களுக்காக ஒருவர் காத்திருக்கிறார்.'

லாட்டரிக் கோடியை அவள் யோசிக்காமல் அழித்துவிடுவாள். இதை அழிக்கத்தான் கை வரவில்லை.

காத்திருப்பவள் அவள்தான். அஞ்சு வருஷமாக. சுனாமி அன்று காலையில் வலையைப் பார்க்கக் கரைக்குப் போன கணவன் முத்துக்குமரன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. கிளிஞ்சல்மேட்டில் மற்ற வீடுகளில் எல்லாம் காரியம் முடித்துவிட்டார்கள். மாமியார் பவுனம்மாள் மட்டும் ஒப்பவில்லை. "எம்புள்ள எங்கயோ கரையேறியிருக்கான். வருவான்" என்று சண்டை பிடித்து, சந்திராவின் தாலியில் யாரையும் கை வைக்க விடவில்லை.

சந்திராவுக்கு அந்த நம்பிக்கை எப்போதோ போய்விட்டது. ஆனால் சோறு போடும்போது மாமியார் முகத்தைப் பார்த்தால் வேறு பேச்சு வராது. "ஆமா அத்த, வந்துருவாரு" என்பாள். அந்த ஒரு வார்த்தையில்தான் கிழவி உயிரோடு இருக்கிறாள் என்று நினைத்தாள்.

இந்த மெயில் வர ஆரம்பித்து ஒரு மாதம். டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் உப்புக் காற்று கண்ணை மூடவைக்கும். மூடியதும், பேர் தெரியாத ஏதோ ஒரு ஊரில், மழை விட்ட தெருவில் ஒருவர் நிற்பார். முகம் தெரியாது. கையில் ஒரு குடை. 'வந்துட்டியா' என்று மட்டும் கேட்பார். கண்டக்டர் ஊர்ப் பேரைக் கூவும்வரை அந்தத் தெருவில் நடந்துகொண்டே இருப்பாள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததுதான் பயமாக இருந்தது.

"அத்தைக்குத் தெரிஞ்சா உசுர விட்ருவாங்கண்ணே. நானா தேடிப் போயி எழுதிக் கொடுத்தேன்னு நெனப்பாங்க."

"வெவரத்த யார்கிட்டயாச்சும் குடுத்தீங்களா?"

"யார்கிட்ட குடுக்கல? சுனாமிக்கப்பறம் ஜீப்ல வந்தவங்க, வேன்ல வந்தவங்க, பேப்பர நீட்டுன அத்தன பேருக்கும் குடுத்தோம். பேரு, வயசு, நட்சத்திரம், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ரெண்டு."

"நட்சத்திரம் எதுக்கு?"

"கேக்கலைன்னாலும் சொல்லிருவோம்ண்ணே. அர்ச்சனைக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிப்போச்சு."

மன்சூர் அலிக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"மெயில் ஐடி எப்படிப் போச்சு?"

"கம்ப்யூட்டர் பயிற்சி குடுத்தாங்கள்ல, அந்த சர்டிபிகேட்லயே அச்சடிச்சிருக்கு. வீட்டுல ஜெராக்ஸ் கட்டுகட்டா கெடக்கு."

"அப்ப சரி. எவனோ மொத்தமா வித்துட்டான். நாம இங்கயே உக்காந்திருக்கோம், நம்ம பேரு மட்டும் ஊர் ஊராச் சுத்துது." நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அந்தக் கம்பெனி சைட்டுக்குள்ள போயி, உங்க பேர்ல இருக்குற பக்கத்தையே அழிச்சாத்தான் நிக்கும். அழிச்சிரலாமா?"

"அழிச்சிருங்கண்ணே." இனி பஸ்ஸில் கண்ணை மூடினாலும் அங்கே போக முடியாது. குடைக்காரர் அந்தத் தெருவிலேயே நின்றுகொண்டிருப்பார்.

பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று அழுத்தினார். புதியது மெயிலுக்கு வந்தது. பக்கம் திறந்தது. படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மல்லிகைச்சரம், நெற்றிச்சுட்டி, கண், கழுத்தில் மாலை. பக்கத்தில் இருந்தவரை வெட்டியிருந்தார்கள். அவருடைய தோள் மட்டும் ஓரத்தில் மிச்சம் இருந்தது.

சந்திரா எழுந்தே விட்டாள்.

"இது என் கல்யாணப் போட்டோ! பாஸ்போர்ட் சைஸ்தானண்ணே எல்லாருக்கும் குடுத்தேன்."

மன்சூர் அலி படத்துக்குக் கீழே பார்த்தார். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் மெதுவாக வாசித்தார்.

"மறுமணம். சாந்தமான பெண். பசித்தாலும் வாய் திறந்து கேட்க மாட்டாள், பார்த்துப் போட வேண்டும். இடி இடித்தால் பயப்படுவாள், தனியாக விடக் கூடாது."

"யாருண்ணே இதெல்லாம் சொன்னது?" அவள் குரல் இறங்கிவிட்டது. "எந்த ஆபீசுலயும் இதெல்லாம் கேக்கலையே."

அவர் பக்கத்தைக் கீழே நகர்த்தினார். தொடர்ந்து வாசித்தார்.

"முதல் கணவர் கடலில் இறந்துவிட்டார். பெண் இன்னும் அவர் வருவார் என்றே நம்பிக்கொண்டிருக்கிறாள். அவள் மனம் நோகாமல், பக்குவமாகத்தான் பேச வேண்டும். விவரம் தந்தவர், பவுனம்மாள். பெண்ணுக்கு என்ன உறவு? அம்மா."