நாற்பதாவது நொடியில் ஓடுகிறவர்கள்

"நாப்பதாவது செகண்ட்ல பாதிப் பேர் ஓடிட்டாங்க. எல்லாம் உன் எடிட்டிங் லட்சணம்!"

ஜெயகிருஷ்ணன் போட்ட சத்தத்தில் எதிர் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்மணி திரும்பிப் பார்த்தாள். ரோஹிணி போய் ஜன்னலைச் சாத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சிட்லபாக்கமே ஏரிக்கரையில் நடந்துகொண்டோ கறிக்கடையில் நின்றுகொண்டோ இருந்த நேரம். இந்த மனிதர் மட்டும் எழுந்ததிலிருந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்து மனைவியைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

யாரோ சொல்லி ஓர் இணையதளத்தைப் பிடித்திருந்தார். தன் கணக்குப் பாட வீடியோ சேனலை அதோடு இணைத்துவிட்டால் ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு கோடு போட்டுக் காட்டும். பார்க்கிறவர்கள் எந்த நொடியில் எழுந்து போகிறார்கள், எந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள், எல்லாம் அந்தக் கோட்டில் தெரிந்துவிடும்.

'ஜேகே சார் மேத்ஸ்' சேனலின் கோடு நாற்பதாவது நொடியில் தலைகுப்புற விழுந்திருந்தது. ஒரு வீடியோவில் என்றால் போகட்டும். அறுபத்தேழு வீடியோவிலும் அதே கதை.

ஃபேன் சத்தம் என்றார். குக்கர் விசில் என்றார். லைட்டை நீ வைக்கிற இடமே தப்பு என்றார்.

லைட் வைப்பது அவள்தான். வெட்டி ஒட்டுவது, தலைப்புக் கொடுப்பது, பிள்ளைகள் கேட்கும் சந்தேகத்துக்குப் பதில் எழுதுவது, எல்லாம் அவள்தான். புகழ் வரும்போது ஜேகே சார், பழி வரும்போது ரோஹிணி.

அவருடைய பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. மறுநாள் பதினோரு மணிக்கு நாவலூரில் ஓர் ஆன்லைன் டியூஷன் கம்பெனி அவரைக் கூப்பிட்டிருந்தது. சேனலைப் பார்த்துவிட்டு, பத்தாம் வகுப்புக்குக் கணக்கு ஆசிரியராக எடுத்துக்கொள்ளத்தான். மறைமலை நகர் ஃபாக்டரியில் பார்க்கும் ஸ்டோர்ஸ் வேலைக்கு முழுக்குப் போட்டுவிடலாம் என்று சொந்தக்காரர் பாதிப் பேருக்கு அவர் போனும் செய்தாயிற்று.

"தள்ளுங்க, நான் பாக்கறேன்" என்று ரோஹிணி லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள்.

கோட்டின் மேல் மெதுவாக அம்புக்குறியை நகர்த்தினாள்.

நாற்பதாவது நொடி, ஜேகே சார் தன் பள்ளிக்கூடக் கதையை ஆரம்பிக்கும் இடம். அடுத்த பள்ளம், அவருடைய ஜோக். அதற்கடுத்தது, "புரியுதா கண்ணுங்களா" என்று கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் இடம்.

அவர் முகம் மறைந்து, வெள்ளைப் பலகையும் எழுதும் கையும் மட்டும் தெரிகிற இடம் வந்ததும், விழுந்து கிடந்த கோடு எழுந்து உட்கார்ந்தது. பிள்ளைகள் அங்கேதான் நிறுத்தி, பின்னால் போய், ஒவ்வொரு வரியாக மறுபடி பார்த்திருந்தார்கள்.

இன்னொரு வீடியோவைத் திறந்தாள். அப்படியே. பத்து வீடியோ பார்த்தாள். பத்திலும் அப்படியே.

லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி, பள்ளத்தையும் மேட்டையும் விரலால் தொட்டுக் காட்டினாள்.

ஜெயகிருஷ்ணனின் முகம் சுண்டிப்போனது. அரை நிமிடம்தான். தனக்கு வேண்டாத எதையும் அதற்கு மேல் அவர் மனதில் வைத்துக்கொண்டதில்லை.

"சரி விடு, இனிமே முழுக்க போர்டுதான். இப்பவே ஒண்ணு எடுத்துடலாம்" என்று உற்சாகமாக எழுந்து போனவர், பீரோவிலிருந்து தன் முழுக்கைச் சட்டையை எடுத்துவந்து அவள் மடியில் போட்டார். அதன் மேல் தன் வாட்ச்சையும் கழற்றி வைத்தார்.

"வளையலைக் கழட்டிட்டு வா."

சேனல் ஆரம்பித்தபோது முதல் வீடியோவில் அவரேதான் எழுதினார். மைனஸ் மூன்றையும் மைனஸ் நான்கையும் பெருக்கி மைனஸ் பன்னிரண்டு என்று போட்டு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அடுத்த அறுபத்தாறு வீடியோவிலும் சட்டை அவருடையது, வாட்ச் அவருடையது, குரல் அவருடையது. கை அவளுடையது. கணக்கும் அவளுடையது.

கிழக்குத் தாம்பரத்தில் ஒன்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் ரோஹிணி. பெண் முகத்தைப் போட்டால் கண்டவனும் கண்டதை எழுதுவான் என்று சொல்லித்தான் அவர் கேமரா முன்னால் வந்து நின்றார்.

அவளுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. கோடு இத்தனை தெளிவாகக் காட்டிய பிறகும், உன் கைதான் என்று ஒரு வார்த்தை இந்த மனிதர் வாயிலிருந்து வரவில்லையே. சட்டையை அவர் மூஞ்சியிலேயே விட்டெறியலாம் போலிருந்தது.

எறியவில்லை. போட்டுக்கொண்டாள்.

"கம்பெனிக்காரங்க மெயில் போட்டாங்களா? நாளைக்கு ஏதாவது எடுத்துட்டு வரச் சொன்னாங்களா?" என்று கேட்டபடி அவர் பலகையைத் துடைத்தார். சேனலுக்கு வரும் மெயிலைப் படிப்பதும் அவள் வேலைதான்.

மெயில் நேற்றே வந்திருந்தது. மூன்று பேர் முன்னால், அவர்கள் அங்கேயே கொடுக்கும் பத்துக் கணக்கை, ஜேகே சார் தன் கையால் பலகையில் போட்டுக் காட்ட வேண்டும். அந்த இடத்தில் அவர் மானம் போய்விடுமே, எப்படிச் சொல்லித் தடுப்பது என்று நேற்றெல்லாம் அவள் தவித்த தவிப்பு அவளுக்குத்தான் தெரியும்.

ரோஹிணி வாட்ச்சைக் கட்டிக்கொண்டாள்.

"ஒண்ணும் வேண்டாமாம். நீங்க வந்தா போதும்னு போட்டிருக்காங்க."