குடிக்கிற மண்

நெருப்பெரிச்சல் மேட்டுக்காட்டைக் குத்தகைக்குக் கேட்டு வந்தவர் ஒரு பிடி மண்ணை அள்ளினார். காக்காப்பொன் மினுங்கியது.

"எத்தனை ஆழமுங்க?"

"ரெண்டாள் மட்டத்துக்குக் கல்லே வராதுங்க," என்றாள் பாவாத்தாள். கணவன் போனபின், பண்ணையம் தெரிந்தவர் கையில் காட்டை ஒப்படைத்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

"மழை பேஞ்சா தண்ணி நிக்குமுங்களா?"

"சொட்டு நிக்காதுங்க. எத்தனை ஊத்துனாலும் குடிச்சுரும்!"

அவர் முகம் மலர்ந்தது. அன்றே எழுதிக்கொண்டார்கள்.

மறுவாரம் காட்டில் குழாய் பதித்தார்கள். பாவாத்தாள் காட்டோரக் கிணற்றிலிருந்து செம்பில் தண்ணீர் கொண்டுபோனாள்.

"என்ன வெள்ளாமைங்க வெக்கறாங்க?"

"வெள்ளாமையா? பட்டறைச் சாயத்தண்ணியை இங்க விடப்போறோமுங்கக்கா."

குழாய்க்காரர் செம்பை வாங்கி ஒரு மடக்குக் குடித்தார்.

"இந்தக் கெணத்துத் தண்ணியா? நல்லா இனிக்குதுங்க. அடுத்த மாசத்துலிருந்து குடிச்சுராதீங்க."